குரல் போதாது, முகம் வேண்டும்

மேடையில் வீற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்துவிட்டு இப்போதே வருத்தப்பட ஆரம்பித்திருக்கும் செயலாளர் அவர்களே, கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்து நம் எல்லாருடைய ரத்த அழுத்தத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கும் டாக்டர் அவர்களே, நெடுந்தூரம் பயணம் செய்து வந்து முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் லிஃப்ட்காரரின் மகனே, இந்தக் கட்டடத்தின் எட்டு மாடிகளிலிருந்தும் இறங்கி வந்திருக்கும் உறவுகளே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்ல. பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அந்தப் பத்தாம் வகுப்பை மட்டும் ரசித்து இரண்டு முறை படித்தவன். பிஸ்கட் கம்பெனியில் லாரி ஓட்டினேன். உட்கார்ந்தபடியே உலகம் சுற்றி, உட்கார்ந்தபடியே ஓய்வு பெற்றவன். என் மகள் நேற்று ஒரு தாளில் அழகாக எழுதிக் கொடுத்தாள். 'அன்னாரின் மறைவு ஈடுசெய்ய இயலாத பேரிழப்பு' என்று அதில் இருந்தது. வாசித்துப் பார்த்தேன். யார் செத்தாலும் பொருந்துகிற மாதிரி இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். அவள் இப்போது என்னை முறைக்கிறாள். முறைக்கட்டும்.

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதைப் பாருங்கள். எட்டாவது மாடி எக்ஸ்சேஞ்ச் அக்கா உட்கார வேண்டிய இடம் அது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்ட்காரர் போன நாளில் கதவைச் சாத்தியவர் இன்னும் திறக்கவில்லை. தட்டினால் உள்ளேயிருந்து குரல் வருகிறது. முகத்தைப் பார்த்தவர் இந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. இறந்தவரைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் உயிரோடு இருப்பவரைப் பற்றி எதற்குப் பேசுகிறாய் என்று கேட்காதீர்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி. அதைக் கேட்கத்தான் இந்த ஒலிபெருக்கியை வாங்கினேன். ஆனால் லிஃப்ட்காரரைச் சொல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

யார் இந்த லிஃப்ட்காரர்? வாழ்நாள் முழுக்க லிஃப்ட் மாட்டியவர், லிஃப்ட் பழுது பார்த்தவர். இந்தக் கட்டடத்து லிஃப்டை மாட்டியவரும் அவரே. மாட்டி முடித்துவிட்டு, இரண்டாவது மாடியில் ஒரு வீடு எடுத்து, அந்த லிஃப்டில் ஒரு நாளும் ஏறாமல் வாழ்ந்தவர். மெலிந்த உடம்பு. கான்வாஸ் ஷூ. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைப்பார்கள். அவர் ஸ்குரூடிரைவர் வைத்திருப்பார்.

நான் ஓய்வு பெற்ற புதிதில் சோஃபாவில் கிடந்தேன். என் மனைவி, "எந்திரிக்காதீங்க, எந்திரிச்சா பள்ளம் தெரியும், வர்றவங்க கேப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். அப்படிக் கிடந்த ஒரு காலையில் கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. திறந்தேன்.

"இருக்கீங்களா?" என்றார்.

எதிரே நிற்கிற ஆளிடம் கேட்கிற கேள்வியா இது? "இருக்கேன்" என்றேன்.

"இன்னைக்கு என்ன வேலை?"

"நான் ரிட்டயர் ஆயிட்டேங்க."

"அது போன மாசம் நடந்தது. இன்னைக்கு என்ன வேலை?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப வாங்க, மேல வரைக்கும் ஏறிட்டு வரலாம்."

"லிஃப்ட் இருக்கே."

"அதை மாட்டினவனே நான்தான். அதனாலதான் படியில கூப்பிடுறேன்."

அன்று இரண்டு மாடி தாண்டுவதற்குள் படியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். "மூச்சு வாங்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வாங்கட்டும். வாங்கறதை நிறுத்தினாத்தான் கவலைப்படணும்" என்றார். ஏன் லிஃப்டில் போவதில்லை என்று அப்போது கேட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"உள்ள கண்ணாடி வெச்சிருக்காங்க பாருங்க. தனியா போறவனுக்குத் துணை இருக்கிற மாதிரி தோணட்டும்னு வெக்கிறது. எனக்கு அது ஒத்துக்கல. கதவு திறந்தா நான் இறங்கிடுவேன். கூட வந்தவன் எந்த மாடியில இறங்கறான்னு யாரு பாக்கறது?"

அன்றிலிருந்து நானும் அந்த லிஃப்டில் தனியாக ஏறியதில்லை. உடம்பு இளைத்ததற்குப் பாதிக் காரணம் பயிற்சி. மீதி பயம்.

நண்பர்களே, வயதான காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லாதவர் யார்? டாக்டர் சொல்வார், பிள்ளைகள் சொல்வார்கள், மாத்திரை அட்டையே சொல்லும். லிஃப்ட்காரர் சொன்னதில்லை. காலையில் வந்து தட்டினார். ஒவ்வொரு மாடியிலும் தனியாக இருக்கிற, ஓய்வு பெற்ற, ஒதுங்கிப்போன ஒவ்வொரு கதவையும் தட்டினார். 'இன்னைக்கு என்ன வேலை?' என்ற கேள்விக்கு 'ஒண்ணுமில்ல' என்று சொன்னவர்களுக்கு வேலை கொடுத்தார். மூட்டு வலி தபால்காரருக்கு என்ன வேலை? மாடிக்கு மாடி திருப்பத்தில் இருக்கிற பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. ஊற்றி ஊற்றி மூட்டு இளகிவிட்டது. கணவர் போன பிறகு வெளியே வராமல் இருந்த ஆறாவது மாடி அம்மாவுக்கு என்ன வேலை? கார் ஓட்டக் கற்றுக்கொள்கிற வேலை. கற்றுக்கொடுக்கிற வேலை எனக்கு. அந்த அம்மா இடித்த சுவரில் பாதியை நான் பூசிக் கொடுத்தேன். அதுவும் ஒரு வேலைதான். பேரன் பேத்தி எடுத்தவர் கியர் போடக் கற்றுக்கொண்டு, என்னையே பின்னால் உட்காரவைத்துக் கடைத்தெருவுக்கு ஓட்டிப் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவர் மூடவில்லை, அதுவரைக்கும் நிம்மதி.

இனிமேல் சொல்லப்போவது தையல்காரர் விஷயம். பழைய ஆட்களுக்குத் தெரியும். புதியவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் லிஃப்ட்காரர் கதவைத் திறக்கச் சொல்வதில்லை. தட்டுவார், "இருக்கீங்களா?" என்பார், உள்ளேயிருந்து "இருக்கேன்" என்று வந்தால் மேலே போய்விடுவார். ஐந்தாவது மாடியில் ஒரு தையல்காரர் தனியாக இருந்தார். அவரும் காலையில் பதில் சொல்வார். ஒரு நாள் யாரோ பேன்ட் வாங்கப் போய்க் கூப்பிட்டுப் பார்த்து, சந்தேகப்பட்டு, கதவை உடைத்தார்கள். மெஷின் மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தார். ஊசியில் நூல் கோத்திருந்தது. பார்க்க வந்த டாக்டர், அப்போது வேறு டாக்டர், "இவர் போய் நாலஞ்சு நாளாச்சே" என்றார்.

லிஃப்ட்காரர் அங்கேயே நின்றார். "இன்னைக்குக் காலையில எனக்குப் பதில் சொன்னாரே" என்றார்.

"பக்கத்து வீட்டுக் குரலா இருக்கும்."

"பக்கத்து வீடு காலி."

"அப்ப பழக்க தோஷம். தினமும் கேட்டதால கேட்ட மாதிரி இருந்திருக்கும்."

அடுத்த நாள் முதல் லிஃப்ட்காரரின் சட்டம் மாறியது. குரல் போதாது, முகம் வேண்டும். கதவு திறந்து முகம் தெரிகிற வரைக்கும் நின்ற இடத்தில் நிற்பார். குளிக்கிறேன் என்றால் காத்திருப்பார். கோபமாக இருக்கிறேன் என்றால் கோபமான முகத்தைக் காட்டச் சொல்வார். எத்தனை பேர் அவரைத் திட்டினோம்! பல் தேய்க்கிற நுரையோடு எத்தனை நாள் கதவைத் திறந்தேன்! இன்று நினைத்துப் பார்க்கிறேன். நம் முகங்களை எல்லாம் அவர் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க அவர் கதவை யார் தட்டினோம்?

அவர் போன அந்தக் காலைக்கு வருகிறேன். தட்டு வந்தது. இரண்டு, இடைவெளி, ஒன்று. என் உடம்பு கட்டிலிலிருந்து கதவுக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். காத்திருப்பார். அன்று நான் திறந்தபோது வாசலில் ஆள் இல்லை. ஆள் வந்தால் தானாக எரிகிற விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேல்படியில் கான்வாஸ் ஷூ ஏறிப்போகிற சத்தம் கேட்டது. முகம் பார்க்காமல் போகிறாரே, மனுஷனுக்கு என்ன அவசரம் என்று நினைத்தேன். ஆறாவது மாடி அம்மாவுக்கும் அதே மாதிரி. தபால்காரருக்கும் அதே மாதிரி.

பிறகு துடைப்பத்தோடு மேலே போன துப்புரவு அம்மா கத்திய கத்தலில் எல்லாரும் ஓடினோம். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில், திருப்பத்தில், பூந்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதுகு சுவரில். ஷூ நாடா இறுக்கிக் கட்டியிருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "நேத்து சாயங்காலமே போயிருக்கார்" என்றார்.

டாக்டர் மேடையில்தான் இருக்கிறார். அப்புறமும் இரண்டு முறை தனியாகப் போய்க் கேட்டேன். "உடம்புக்கு உடம்பு வித்தியாசப்படும்" என்றார். எவ்வளவு வித்தியாசப்படும் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போதும் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தத் திருப்பத்தில் நாம் எல்லாரும் நெருக்கிக்கொண்டு நின்றபோது எக்ஸ்சேஞ்ச் அக்கா மேலேயிருந்து இறங்கி வந்தார். அவரைப் பார்த்தார். அழவில்லை. "இப்பத்தானே என் வாசல்ல நின்னு பேசிட்டுப் போனார்" என்றார்.

"யாரு?" என்று செயலாளர் கேட்டார்.

"இவர்தான். கதவைத் திறந்தேன். இன்னைக்குத் திரைச்சீலை துவைக்கப்போறேன்னு சொன்னேன். எப்பவும் சரின்னு சொல்லிட்டுப் போவார். இன்னைக்குப் போகாம, 'அக்கா, என் முகம் சரியா தெரியுதா?'ன்னு கேட்டார். நல்லா தெரியுதேன்னு சொன்னேன். அப்புறம்தான் இறங்கினார்."

நாம் என்ன செய்தோம்? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "முந்தாநாள் நடந்ததைச் சொல்றாங்க போல" என்றது ஒரு குரல். "வயசாச்சு இல்ல" என்றது இன்னொரு குரல். "அம்மாவைக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைங்க" என்று செயலாளர் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த அக்கா காதுபடச் சொன்னார். ஆயிரக்கணக்கான குரல்களை ஒன்றோடொன்று சேர்த்துவைத்த மனுஷி. ஒரு எண்ணைக்கூடத் தப்பாகச் சொல்லாதவர். எழுபது வயதுக்கு மேல் கணினி கற்று, வெளிநாட்டில் இருக்கும் தங்கையின் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். நம் ஒவ்வொருவர் முகத்தையும் நின்று பார்த்தார். படியேறிப் போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு இந்தக் கட்டடத்தில் நடப்பதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. நான் பேசிவிடுகிறேன், எனக்கு வெட்கம் குறைவு. காலையில் தட்டு இன்னும் கேட்கிறது. "குழாய்ல காத்துப்பா" என்கிறாள் என் மகள். இருக்கலாம். குழாய்க்குள் காற்றுப் புகலாம், தட்டலாம். ஆனால் ஒரு குழாய், கதவுக்குக் கதவு நின்று, பதில் வருகிற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம் அடுத்த வீட்டுக்குப் போகுமா? நாம் என்ன செய்கிறோம்? திறக்கப் பயந்து, போர்வைக்குள் இருந்தபடியே "இருக்கேன்" என்கிறோம். நானும்தான். என் மனைவி, "சத்தமா சொல்லுங்க, கேக்கலைன்னு உள்ள வந்துடப்போறார்" என்கிறாள்.

யாரும் படியேறுவதில்லை. தொட்டிச் செடிகள் தலை தொங்கிவிட்டன. தபால்காரர் மூட்டு மறுபடி வீங்கிவிட்டது. ஆறாவது மாடி அம்மாவின் கார் சாவி ஆணியில் தொங்குகிறது. நான் சோஃபாவுக்குத் திரும்பிவிட்டேன். பள்ளம் என்னை மறக்கவில்லை. ஒரு வாரத்தில் இந்தக் கட்டடத்துக்கே வயதாகிவிட்டது. வயது காலண்டரில் ஏறுவதில்லை நண்பர்களே, சாத்திய கதவுக்குப் பின்னால்தான் ஏறுகிறது.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் பலபேர் போய்த் தட்டிப் பார்த்தோம். எல்லாருக்கும் அந்த எக்ஸ்சேஞ்ச் குரலில், இனிமையாக, "இருக்கேன்" என்று பதில் வந்தது. 'பதில் வருதுல்ல, கோபமா இருக்காங்க, விட்டுடுவோம்' என்று திரும்பிவிட்டோம். அக்காவின் தங்கை மகன் போனில் பேசினாராம், நன்றாகப் பேசினார்களாம். மறுபடியும் குரல்தான். செயலாளர் வீட்டம்மா கதவுக் கைப்பிடியில் ரொட்டிப் பொட்டலம் மாட்டிவிட்டு வந்தார். இன்று காலையில் நான் போனபோது அது மாட்டியபடியே இருந்தது.

ஆமாம், இன்று காலையில் போனேன். இரண்டு தட்டு, இடைவெளி, ஒரு தட்டு.

"இருக்கேன்" என்று வந்தது.

"அக்கா, நான்தான், லாரிக்காரன். கதவைத் திறங்க."

"இருக்கேன்."

"அது கேட்டுச்சு அக்கா. அன்னைக்கு நாங்க பேசினது தப்பு. முகத்தைக் காட்டுங்க, நேரா திட்டுங்க, வாங்கிட்டுப் போறேன்."

காதைக் கதவில் வைத்தேன். மூச்சுச் சத்தம் கேட்டது. அது என்னுடையது, எட்டாவது மாடி வரைக்கும் ஏறியிருந்தேன் அல்லவா. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு எதுவும் கேட்கவில்லை.

"இன்னைக்கு என்ன வேலை அக்கா?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்விக்கு அந்த வீட்டிலிருந்து பதில் வராத நாள் கிடையாது. நான் வெகுநேரம் நின்றேன். கடைசியில், கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்து, அவர் வேலை பார்த்த காலத்துக் குரலில், "லைன்ல இருங்க" என்று வந்தது.

அவ்வளவுதான். இருந்தேன். இன்னும் லைனில்தான் இருக்கிறேன்.

அது அக்காதானா? கோபத்தில் இருக்கிற, பட்டினி கிடக்கிற, கதவைத் திறக்கத் தெம்பில்லாத அக்காவா? அல்லது தையல்காரர் வீட்டில் கேட்ட மாதிரி ஒன்றா? எனக்குத் தெரியாது. மேடையில் இருக்கிற யாருக்காவது தெரியுமா? தெரியாத ஒன்றுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கலாமா? மயங்கி விழுந்து கிடக்கிறவர் ஒருவருக்கு ஒரு மணி நேரம் எவ்வளவு பெரியது என்று டாக்டருக்குத் தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டார், பாருங்கள். பையை எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா.

லிஃப்ட்காரரின் மகனே, உங்கள் அப்பாவுக்குச் சிலை வைக்கப் போவதில்லை, வைத்தாலும் அவர் நிற்க மாட்டார். அவர் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். நாளைக் காலையிலிருந்து ஒவ்வொரு கதவையும் நான் தட்டுவேன். முகத்தைப் பார்க்காமல் நகர மாட்டேன். அவரும் வந்துகொண்டிருந்தால் வரட்டும். ஒரே வாசலில் இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டால் வழி விட்டு ஒதுங்கி நிற்பேன், பெரியவர் அவர். ஆனால் அவர் செய்யாமல் விட்ட ஒன்றைச் செய்யப் போகிறேன். எனக்கு முன்னால் எழுந்து என் கதவைத் தட்ட ஆறாவது மாடி அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். தட்டுகிறவன் முகத்தையும் யாராவது பார்க்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் அவர் கடைசியாக ஒரு வாசலில் நின்றிருக்கிறார். அந்த அக்கா பார்த்தேன் என்று சொன்னார். நாம் நம்பவில்லை. நான் இப்போது நம்புகிறேன். இந்தக் கூட்டத்தின் முன்னால் சொல்கிறேன், எக்ஸ்சேஞ்ச் அக்கா சொன்னதை நான் நம்புகிறேன்.

கடைசி வரிசையில் கருவிப் பையோடு உட்கார்ந்திருப்பவர் யார் என்று செயலாளர் அப்போதிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். அவர் பூட்டுத் திறப்பவர். நான் வரச்சொன்னேன். அக்காவின் தங்கை மகனிடம் கேட்டு, சரி என்று வாங்கிவிட்டேன். சங்கத்தின் அனுமதியை இப்போது கேட்கிறேன். தலைவர் தலையசைக்கிறார். நன்றி.

மௌன அஞ்சலியையும் நன்றியுரையையும் மேலே போய் வைத்துக்கொள்வோம். தபால்காரரே, என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் படிக்கு வாருங்கள். நமக்கு முன்னால் ஒருவர் ஏறிப்போகிற சத்தம் கேட்டால் கலவரப்பட வேண்டாம், அந்தப் படி அவருக்குப் பழக்கம்.

கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து "இருக்கேன்" என்று வரும். இனிமையான குரல். அதைக் கேட்டு ஒருவரும் நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள். பூட்டு திறக்கிற வரைக்கும் என்னோடு நில்லுங்கள்.